கொடிக்குப் பின்னால் போனவர்கள்

கோத்தா கோலா மூடாவில் மீன் விலை ஊர் காதில் விழாது. ஒருவர் காதில் மட்டும் விழும். படகு ஆற்றுமுகத்தில் நுழைந்து கரை தட்டியதும் மீன் கூடை கூடையாக இறங்கும். வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். ஒவ்வொருவராக வந்து, விற்பவரின் தோளில் கை போட்டு, காதோரம் குனிந்து ஒரு தொகையைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வார். கேட்டவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. கடைசி ஆளும் சொல்லி முடித்தபின் ஒரு தலையாட்டல். கூடை ஒருவருக்குப் போய்விடும். யார் எவ்வளவில் தோற்றார் என்பது வெளியே வராது. அதனால்தான் மறுநாளும் அதே ஆள்கள் மனத்தாங்கல் இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். மலாய்க்காரர்கள் இதை பாசார் பீசிக் என்பார்கள். குசுகுசுச் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயர்கூட இந்தக் கட்டுரைக்காக நான் இப்போது வைத்ததுதான். சுங்கைப்பட்டாணியிலிருந்து அரை மணி நேரத்தில் வந்து, நாற்பது வருடமாக கெம்போங் மீனும் நண்டும் வாங்கிப்போகும் நாங்கள், பெயர் வைக்கிற அளவுக்கு ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

சென்ற வருடப் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. நாங்கள் நாலு பேர் மீன் வாங்கப் போயிருந்தோம். ஒரு வேன் வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள், பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்கள். முன்னால் ஓர் இளைஞர், கையில் குச்சி, குச்சி நுனியில் சின்ன மஞ்சள் கொடி. தாய்லாந்தில் தொடங்கி மலேசியா வழியாக இந்தோனேசியாவரை மூன்று வாரப் பயணமாம். காடு, கோயில், சந்தை. கொடியைப் பார்த்ததும் எங்களுக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. பதினோரு வருடமாக நாங்களும் அப்படி ஒரு கொடிக்குப் பின்னால் நடந்தவர்கள்தானே.

அந்தக் கூட்டத்தில் ஓர் அம்மையார் எங்களிடம் வந்து வடக்கே கை நீட்டினார். ஜெராய் மலை தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. "இந்தியாவிலிருந்து வந்த கப்பல்கள் அந்த மலையைக் குறி வைத்துத்தான் கரை பிடித்தனவாமே. நீங்கள் அந்த மக்களா? மேலே போனால் கடல் எவ்வளவு தூரம் தெரியும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நாலு பேரில் இருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். அதில் ஒருவன் நான். ஒருவர் பழைய தோட்டத்துக் கிராணி. இன்னொருவர் கோயில் செயலாளர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். செயலாளர்தான் சமாளித்தார்: "வெரி நைஸ். வெரி கோல்ட்."

நாங்கள் மேலே போனது ஒரே ஒரு தடவை. காரில். சாப்பாட்டுக் கேரியர்களோடு. மேகம் மூடியிருந்தது, கடல் தெரியவில்லை, சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டோம். அந்த மலையின் உயரம் 1,217 மீட்டர் என்பதை அன்றிரவு தேடித்தான் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளுக்கு முப்பது வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான்.

எங்கள் கூட்டத்துக்கு வாட்ஸ்அப்பில் 'உலகம் சுற்றும் வாலிபர்கள்' என்று பெயர். இருபத்திரண்டு பேர், சராசரி வயது அறுபத்து மூன்று. எல்லாரும் கோலா மூடா வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் பிறந்தவர்கள், பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள். பால்மரம் போய் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோது பட்டணத்துக்கு நகர்ந்தவர்கள். பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், கையில் கொஞ்சம் ஓய்வுக்காலப் பணம். ஊர் சுற்றினோம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தோட்டத்து வேலியைத் தாண்டாமலே செத்துப்போன தலைமுறையின் பிள்ளை விமானத்தில் சன்னலோர இருக்கை கேட்பதில் என்ன பாவம்?

பாவம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கோர் வாட்டில் சூரியோதயம் பார்க்க விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கொசுக்கடியில் குளத்தங்கரையில் நின்றோம். பாலியில் நெல் வயல் படிக்கட்டுகளைப் பார்க்க நுழைவுக் கட்டணம் கட்டினோம். நெல் வயல்! கெடாவில் பிறந்துவிட்டு! நாட்டின் நெற்களஞ்சியத்தைக் கார் சன்னலில் பார்த்துக்கொண்டே அலோர் ஸ்டாருக்குக் கல்யாணத்துக்குப் போய் வருகிற நாங்கள், உபுட்டில் ஒரு வரப்பில் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஆலப்புழையில் படகு வீட்டுக்கு ஓர் இரவுக்கு நாங்கள் கொடுத்த பணத்தில், செமிலிங் படகுத்துறையில் படகு பிடித்து மெர்போக் ஆற்றை நாள் முழுக்கச் சுற்றியிருக்கலாம். அந்த ஆற்றின் இருகரையும் அலையாத்திக் காடு, எங்கள் பேச்சில் பாக்காவ் காடு. எங்களுக்கு அது சேறு, கொசு, நண்டு. அவ்வளவுதான்.

வியட்நாமில் மீ சோன் போனது மறக்காது. சாம் மன்னர்கள் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் சிவனுக்கு எழுப்பிய செங்கல் கோயில்கள். வழிகாட்டிப் பெண் ஒரு சுவரைத் தடவச் சொன்னாள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையில் பூச்சே கண்ணுக்குத் தெரியவில்லை. எப்படி ஒட்டினார்கள் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டோம். பிறகு அவள் குண்டு விழுந்த குழிகளைக் காட்டினாள். 1969இல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் அங்கே இருந்தவற்றிலேயே பெரிய கோபுரம் தரைமட்டமானது. நாங்கள் 'உச்' கொட்டினோம். கிராணியார் கண் கலங்கினார். "கோயிலை இடிக்க எப்படித்தான் மனசு வந்ததோ" என்றார். அவளுக்கு நல்ல அன்பளிப்பும் கொடுத்தோம். பேருந்தில் ஏறும்போது அவள் கேட்டாள்: "நீங்கள் கெடாவா? லெம்பா பூஜாங் உங்கள் ஊரில்தானே?"

ஆமாம் என்றோம். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பூஜாங் பள்ளத்தாக்கு எங்கள் ஊரில்தான். ஜெராய் மலையின் தெற்கு அடிவாரத்திலிருந்து மெர்போக், மூடா ஆறுகள்வரை. எங்களில் ஏழெட்டுப் பேர் பிறந்த தோட்டங்களின் பால்மர நிரைகளுக்குள்ளேயே அதன் கற்கள் கிடந்தன. 1936, 37 வாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரதியும் இங்கே முப்பது இடங்களைத் தோண்டி எண் போட்டார்கள். அந்த இடிபாடுகளை மலாயில் சண்டி என்பார்கள். எட்டாம் எண் சண்டிதான் புக்கிட் பத்து பகாட்டில் இருக்கும் சிவன் கோயில். 1960 வாக்கில் அலஸ்டர் லாம்ப் அதைச் சரிசெய்து நிறுத்தினார். அடித்தளத்தில் புதைத்து வைத்திருந்த கல் பேழைகளும் அப்போது வெளியே வந்தன. 1980இல் அதே இடத்தில் அருங்காட்சியகம் வந்தது. பெண்டியாட், பெண்டாங் டாலாம் போன்ற இடங்களில் கிடந்த சண்டிகளைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே அடுக்கி வைத்தார்கள். செமிலிங் பக்கம் சுங்கை பத்துவில் 2009 முதல் பல்கலைக்கழகக் குழு தோண்டியது: இரும்பு உருக்கிய உலைகள், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழாய்கள் குவியல் குவியலாக, ஆற்றங்கரைப் படகுத்துறை, வட்டமான செங்கல் மேடை ஒன்று. அந்த இடத்தின் வயது பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. எங்கள் பிள்ளைகள் மருத்துவம் படிக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருப்பதும் இதே செமிலிங்கில்தான். பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்கும் கூட்டிவருவதற்கும் எத்தனை நூறு தடவை அந்த வழியாகப் போயிருப்போம்? அந்த அகழ்விடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்து லயத்துக்குப் பின்னால், ஓடையைத் தாண்டினால் ஒரு மேடு இருந்தது. மேட்டில் அகலமான பழைய செங்கற்கள் புதைந்து கிடந்தன. வீட்டுச் செங்கல்லைவிடப் பெரியவை. மழையில் நனைந்தால் கருஞ்சிவப்பாக மின்னும். எனக்கு அப்போது பத்துப் பதினோரு வயது. முனீஸ்வரன் மேடை கட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது நாங்கள் பையன்கள்தான் கோணிப்பையில் அள்ளிக்கொண்டு வந்தோம். தண்டலும் பார்த்தார், கிராணியும் பார்த்தார். எங்கிருந்து வந்த கல் என்று எவரும் கேட்கவில்லை. அது என்ன மேடு என்று நானும் கேட்கவில்லை, ஆசிரியரானபிறகும் கேட்கவில்லை. முனீஸ்வரன் மேடை பிறகு தோட்டத்தோடு போயிற்று. இப்போது அங்கே இரட்டை மாடி வீடுகள்.

2013 டிசம்பர் தொடக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. சுங்கை பத்து தோட்டத்தில் பதினோராம் எண் சண்டியை இயந்திரம் வைத்து வழித்துவிட்டார்கள். ஏறக்குறைய 1,200 வருடத்துக் கோயில் என்று பத்திரிகைகள் எழுதின. குண்டு போடவில்லை, போர் நடக்கவில்லை. வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தினார்கள். தனியார் நிலம், வர்த்தமானியில் ஏறாத இடம் என்பது பிறகு வந்த விளக்கம். நாட்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005ஆம் ஆண்டினது. எட்டு வருடம் இருந்தும் அந்த எண் பட்டியலுக்குள் வரவில்லை.

நாங்கள் கொதித்தோம். அது நிஜமான கொதிப்புத்தான், பொய் சொல்லவில்லை. முகநூலில் எழுதினோம், கோயிலில் கூட்டம் போட்டோம், "நம் சரித்திரத்தை அழிக்கிறார்கள்" என்றோம். சுங்கைப்பட்டாணி வழக்கறிஞரும் பூஜாங் பள்ளத்தாக்கை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவருமான டத்தோ வி. நடராஜன் அந்த இடிப்பை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 2011லேயே பழைய கெடாவைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய நூலே எழுதியிருந்தார். எங்கள் இருபத்திரண்டு பேரில் அதை வாங்கியவர் இருவர்; முழுக்கப் படித்தவர் யாரென்று கேட்டேன், பதில் இல்லை. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "பதினோராம் சண்டி எங்கே இருந்தது, எவராவது நேரில் பார்த்தீர்களா?" என்று கேட்டார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்த ஒரு மூதாட்டி மட்டும், "அங்கதான் நாங்க மாடு கட்டுவோம்" என்றார். வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. இருந்தபோது போகாத இடத்துக்கு இடிந்தபின் போய்ப் படம் எடுத்தோம். ஜனவரியில் பள்ளி திறந்தது. அந்த ஆண்டு ஜூனில் பாலி போனோம்.

இடித்தவர்களை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. சட்டம் இருந்தும் பட்டியல் போடாத அலுவலகங்களையும் விட்டுவிடவில்லை. அது அவர்கள் எழுத வேண்டிய சுயவிமர்சனம். எங்கள் பங்கு ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதை நாங்கள் வாய் நிறையச் சொல்லியிருக்கிறோம்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எங்கள் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வந்திருந்தார், இடிப்புக்கு இரண்டு மூன்று வருடம் முன்னால். காலை காப்பி குடித்ததும் கேட்டார்: "ஐயா, கடாரம்னு சொல்றாங்களே, அதைப் பார்க்கணும்." கடாரம் என்றால் பழைய கெடா. கூட இருந்த ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே குரலில் சொன்னோம்: "அங்கே ஒண்ணும் இல்லைங்க ஐயா. சும்மா கல்லுதான் கிடக்கு." அவரைப் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். பிறகு ஒரு பேரங்காடிக்கு. அவர் சட்டைத்துணி வாங்கிக்கொண்டு போனார்.

அங்கே ஒண்ணும் இல்லை. இயந்திரம் ஓட்டிப்போனவரும் மேட்டைப் பார்த்து இதையேதான் நினைத்திருப்பார். நாங்கள் எத்தனையோ வருடமாக வருகிற போகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் செய்து முடித்தார்.

மேடையில் ஏறினால் மட்டும் எங்களுக்கு அங்கே எல்லாமே இருக்கிறது. இராஜேந்திர சோழன் 1025இல் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை வென்றான், கடாரம் கொண்டான் என்று பட்டம் பெற்றான்; எங்கள் மாநிலத்தில் தமிழர் விழா எதுவும் இந்த வரி இல்லாமல் நடக்காது. எங்களில் பாதிப் பேருக்குக் கடாரம் தெரிந்தது சாண்டில்யன் குமுதத்தில் தொடராக எழுதிய கடல் புறாவால். மெர்போக்குக்குப் போய்த் தெரிந்துகொண்டது இல்லை. எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். மேடையில் கேட்டால் அடிப்பார்கள் என்று கேட்டதில்லை. இங்கேயே நாலு தலைமுறையாகப் பிறந்து, இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து, இந்த மண்ணிலேயே எரிந்து சாம்பலாகிற நாங்கள் கடாரம் கொண்டவனின் ஆள்களா, கடாரத்துக்காரர்களா? இரண்டாவது என்றால், அந்த 1025இல் கொள்ளை போனது எங்கள் ஊர். வென்றவன் பெயரைச் சொல்லிக் கை தட்டுகிறோம். தோற்ற ஊரின் கல்லில் மாடு கட்டுகிறோம்.

அதற்கு முன்பு இந்த ஊருக்கும் சோழ நாட்டுக்கும் நல்ல உறவும் இருந்தது. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். இராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று சொல்லப்படுபவற்றில் அது இருக்கிறது. அதற்கும் முன்னால், பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய சரக்குகளைச் சொல்லும்போது காழகம் என்று ஓர் ஊரையும் சொல்கிறது. நச்சினார்க்கினியர் அதைக் கடாரம் என்று உரை எழுதினார். 671இல் சீனத்திலிருந்து புறப்பட்ட யிஜிங் என்ற பௌத்தத் துறவி இந்தியா போகும் வழியில் ஸ்ரீவிஜயத்தில் தங்கி, பிறகு கெடாவுக்கு வந்து, இங்கிருந்து கப்பலேறி வங்கக் கடலைக் கடந்தார். அந்தக் காலக் கப்பல்கள் காற்று திரும்புவதற்காக இங்கே காத்துக்கிடந்தன. சரக்கு இறக்குவார்கள், கோயில் கட்டுவார்கள், இரும்பு வாங்குவார்கள், காற்று மாறியதும் போவார்கள். வெளியூர்க்காரர்கள் தங்கிச் சுற்றிப்பார்த்துப் போவதற்கென்றே ஏற்பட்ட ஊர் என்றுகூடச் சொல்லலாம். அந்த ஊரில் பிறந்துவிட்டு, சுற்றிப்பார்க்க எங்கே போகலாம் என்று வருடா வருடம் முகவரிடம் விலைப்பட்டியல் வாங்கினோம்.

எனக்கு இன்னும் கூச்சமாக இருப்பது வேறொன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். தொலைக்காட்சியில் நாகப்பட்டினம் காட்டினார்கள். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் கோயிலில் உண்டியல் வைத்தோம். பழைய புடவை, அரிசி, மருந்து, பணம் என்று ஒரே வாரத்தில் பெரிய தொகை சேர்ந்தது. இலங்கைக்குத் தனியாகச் சேர்த்தோம். நல்ல காரியம்தான். ஆனால் அதே அலை அன்று பிற்பகல் கோத்தா கோலா மூடாவுக்கும் வந்தது. மலேசியாவில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கில். கெடாவில் அதிகம் அடிபட்டது இந்த ஊர்தான். நாங்கள் மீன் வாங்கும் கரை. அரை மணி நேரத் தூரம். எங்களுக்குக் கூடை எடுத்துக் கொடுத்தவர்களின் வீடு சேற்றில் கிடந்தது. நாங்கள் நாகப்பட்டினத்துக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தோம்.

போகவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் கழித்து நாலு பேர் வேடிக்கை பார்க்கப் போனோம். மீன் சாப்பிடலாமா, கடலில் பிணம் இருந்ததே என்று ஒருவர் கேட்டார். இரண்டு மூன்று மாதம் மீன் வாங்காமல் இருந்தோம். அப்போது அந்த மீனவர்களுக்கு வேண்டியிருந்தது வாங்குகிற ஆள். பாக்காவ் மரம் அடர்ந்திருந்த கரைகளில் அலையின் அடி குறைவாக இருந்தது என்று மீனவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு பல அரசுகளும் அலையாத்தி நடுவதைப் பற்றிப் பேசின. ஆலப்புழையில் வழிகாட்டி சொன்னபோது நாங்கள் தலையாட்டிக் கேட்ட பாடம் இது.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரே கப்பல் வழியின் இரு முனையாக இருந்த நாகப்பட்டினமும் இந்தக் கரையும் ஒரே நாளில் ஒரே அலையில் அடிபட்டன. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பார். இங்கே உடைந்த படகுகளை அடுக்கி எழுப்பிய நினைவிடம் இருக்கிறது, காட்சியகம் இருக்கிறது. பந்தாய் மெர்டேக்கா கடற்கரைக்குப் போய், படகில் தஞ்சோங் டாவாய் கடந்து கருவாடு வாங்குகிறவர்கள் நாங்கள். வழியில்தான் அந்தப் படகுகள் நிற்கின்றன.

தாய்லாந்துப் பயணத்தையும் சொல்லிவிடுகிறேன். காஞ்சனபுரிக்கு இரண்டு தடவை போனோம். குவாய் ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறி, கையை வெளியே நீட்டிப் படம் எடுத்தோம். பிறகு கொடி எங்களைப் போர்க் கல்லறைக்கு நடத்திப்போனது. வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகப் பெயர்க் கற்கள்; 6,982 பேரின் நினைவிடம். ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஆஸ்திரேலியர். வயது இருபத்திரண்டு, இருபத்து நாலு என்று படித்துப் படித்துப் பெண்கள் அழுதார்கள். எங்களில் பலர் வீட்டில் சயாமுக்குப் போய்த் திரும்பாத ஓர் ஆள் உண்டு. என் அப்பாவின் அண்ணன், தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப்போனது. பெயர் மட்டும்தான் வீட்டில் மிச்சம். போரில் ஜப்பான்காரன் போட்ட அந்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா தண்டவாளத்தில் செத்த ஆசியத் தொழிலாளிகள் சுமார் 90,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அவர்களில் மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். அந்த 6,982இல் அவர்கள் பெயர் இல்லை. எங்கள் ஆள்கள் எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்கத் தோன்றவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கொடி ஆடியது, போனோம்.

வழிகாட்டிகளை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களால்தான் எங்களுக்குப் பார்க்கவே தெரிந்தது. மீ சோன் பெண் தொடச் சொல்லாவிட்டால் அந்தச் சுவரையும் சும்மா கல் என்றுதான் சொல்லியிருப்போம். என் புகார் இதுதான்: எங்கள் ஊருக்கு அப்படி ஒரு பிள்ளையை நாங்கள் உண்டாக்கவில்லை. டாக்டர் ஆக்கினோம், வக்கீல் ஆக்கினோம், சிங்கப்பூருக்கு அனுப்பினோம். பூஜாங்கைப் பற்றித் தமிழில் இரண்டு மணி நேரம் வாய் மூடாமல் பேசக்கூடிய ஓர் இளைஞர் வேண்டும் என்றால் எங்கள் வட்டாரத்தில் யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் கொடி பிடித்து வந்த அந்த மலாய்ப் பையனுக்கு, கப்பல்காரர்கள் குறி வைத்த மலை தெரிந்திருந்தது. 2023இல் யான் வட்டாரத்தில் புக்கிட் சோராஸில் தோண்டத் தொடங்கி, சுதை உருவங்களோடு பௌத்தத் தூபி வெளிவந்ததும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எட்டு ஒன்பதாம் நூற்றாண்டு என்றான். கேட்டுக்கொண்டு நின்ற எங்களில் ஒருவர் மெதுவாக என்னிடம், "யான்லயா?" என்றார். யானில் அவருக்குச் சம்பந்தி வீடு.

அன்றிரவு குழுவில் எழுதினேன்: அடுத்த சனிக்கிழமை எல்லாரும் புக்கிட் பத்து பகாட் போவோம். இருபத்தோரு பேரும் கும்பிடும் கை, கட்டை விரல், பூங்கொத்து போட்டார்கள். டிசம்பர் இலங்கைப் பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று அதற்குக் கீழேயே ஒருவர் கேட்டார். சனிக்கிழமை வந்தது ஐந்து பேர்.

அந்த இடம் எங்களுக்குப் புதிது இல்லை, அதுதான் சங்கடம். அருங்காட்சியகத்தை ஒட்டி மலையிலிருந்து ஆறு இறங்குகிறது. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது அங்கே குளிக்க எத்தனையோ தடவை போயிருக்கிறோம். வண்டி நிறுத்துமிடத்தில் காரை விட்டுவிட்டு, பாயும் கோழிக்கறியும் தூக்கிக்கொண்டு நேராகத் தண்ணீருக்கு. வரும்போது கோழி எலும்பையும் போத்தலையும் பாறைச் சந்தில் செருகிவிட்டு வருவோம். துப்பா நீர்வீழ்ச்சியிலும் அப்படித்தான். படிக்கட்டு மேலே போகிறதே, அங்கே என்ன என்று பிள்ளைகள் கேட்டதுண்டு. கோயில் மாதிரி, உடைஞ்சது, என்று சொன்ன ஞாபகம்.

இந்தத் தடவை படிக்கட்டில் ஏறினோம். கிழக்கே பார்த்த கோயில். ஆற்றுக் கல்லை வெட்டி அடுக்கிய அடித்தளம். பின்னால் கருவறை, முன்னால் மண்டபத் தளம். மேலே எதுவும் இல்லை; மரத்தூணும் கூரையும் எப்போதோ மக்கிப்போய்விட்டன. தூண் நின்ற கற்கள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கல்லிலும் நடுவில் ஒரு குழி, தூணின் அடி உட்காருவதற்கு. முந்தின இரவு மழை. குழியெல்லாம் தண்ணீர், தண்ணீரில் ஓர் இலை, இரண்டு மூன்று கொசுப்புழு. கிராணியார் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுக்க இறங்கியது. உளியின் தடம் கையில் தட்டுப்படுகிறது என்றார். நாங்களும் விட்டுப் பார்த்தோம். தட்டுப்பட்டது. அங்கே நின்றால் கீழே பிள்ளைகள் குளிக்கும் சத்தம் கேட்கிறது. ஒரு குடும்பம் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தது, யார் உப்பு எடுத்துவர மறந்தது என்று.

இறங்கும்போது அருங்காட்சியகத்துக்குள்ளும் போனோம். வாசலில் வருகையாளர் பதிவேடு. முன்பக்கங்களைப் புரட்டினேன்: ஜப்பான், ஜெர்மனி, சென்னை, மதுரை, ஷா ஆலாம். ஐந்து பேரும் பெயர் எழுதினோம். ஊர் என்ற இடத்தில் சுங்கைப்பட்டாணி என்று ஐந்து தடவை. மேசையில் இருந்த பணியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து மலாயில் கேட்டார்: "பக்கத்து ஊர்தானா? இதுதான் முதல் தடவையா?"

"இல்லை, இல்லை," என்றார் கோயில் செயலாளர். "நாங்கள் அடிக்கடி வருவோம்."

மற்ற நாலு பேரும் தலையாட்டினோம்.